மூடியின் அடிப்பக்கம்

காஜா பெராங், மலாக்கா
9 ஜனவரி 1958

மரியாதைக்குரிய பொன்னுதுரை ஐயா அவர்களுக்கு, தோத்திரம்.

ஞானஸ்நானத் தொட்டியின் மரமூடிக்கு அடியில் மூன்று குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. இரண்டு, மர ஆப்பு வைத்து இறுக்கியவை. மூன்றாவது மட்டும் வேறு மரம், இரும்பு ஆணி அடித்தது. டிசம்பரில் மூடியைத் திருப்பித் துடைத்தபோது என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஆணியைச் சுற்றித் துரு இறங்கியிருந்தது. தேய்க்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் சட்டங்களுக்கு நடுவே பென்சில் எழுத்து இருப்பதைப் பார்த்தேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. மத்தியா ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி மணி அடித்த தேவசகாயத்தின் மகள் மல்லிகா நான். அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வீங்கிக்கொண்டதால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கோயில் வேலைக்கு வந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பென்சிலில் இருப்பவை பெயர்களும் தேதிகளும். எழுத்து அப்பாவுடையது. பதினேழு வரிகளைப் படிக்க முடிகிறது. எட்டாவது வரி, '1943 மே 16. மார்த்தாள் மல்லிகா. தேவசகாயம் மகள்.' அது நான்.

புது வருஷத்தன்று ஆலயத்தின் நூறாண்டு வரலாற்றைச் சபையில் கொடுத்தார்கள். அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. தொட்டியின் கல் கப்பலில் வந்த கதை ஒரு பக்கம். இடிந்துபோன டச்சுக்காரர் கிடங்கின் செங்கல்லை மாட்டு வண்டியில் கொண்டுவந்து சுவர் எழுப்பிய கதை இரண்டு பக்கம். கூரைமேல் சுற்றும் காற்றுச் சேவலுக்குக்கூட அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். யுத்த காலத்துக்குப் பதினொன்றாம் பக்கத்தில் மூன்றே சின்ன வரிகள். 'ஜப்பானியர் காலத்தில் ஆலயம் பூட்டிக் கிடந்தது. எவரும் உள்ளே செல்லவில்லை. யாதொரு ஆராதனையும் சடங்கும் நடைபெறவில்லை.'

யாரும் உள்ளே போகவில்லை என்றால் எனக்கு ஞானஸ்நானம் எங்கே கொடுத்தார்கள்?

பிப்ரவரி 23 ஞாயிறு பிஷப் வருகிறார். அன்று அவர் தலையில் கைவைத்து எங்களை முழுச் சபையாராக ஏற்கும் திடப்படுத்தல்; ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் அது. ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. உஜோங் பாசிர் ஜெயபாலன் பெயரும் தெங்கேரா விஜயா பெயரும் இல்லை. மூவருமே யுத்த காலத்துப் பிள்ளைகள், மூவர் பெயரும் மூடியில் இருக்கின்றன. முதல் நாள் சனிக்கிழமை நாலு மணிக்கு எங்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கப்போவதாகக் குருவானவர் சொல்லிவிட்டார். 'நீ முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று ஆரம்பிக்குமாம் அந்த ஜெபம். மற்ற இருவரும் சரி என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குருவானவர் சிங்கப்பூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை. எழுத்தில் இல்லாததை நான் எப்படி ஏற்பேன் என்றார். கையில் உங்கள் புத்தகத்தைத்தான் வைத்திருந்தார். மூடியைக் காட்டலாம். ஆனால் கோயில் சாமானில் கிறுக்கியவன் என்று செத்த மனுஷனைச் சொல்வார்கள், வேலையும் போகும் என்று அம்மா பயப்படுகிறாள்.

நீங்கள் அப்போது ஆலயச் செயலாளர். அப்பா கொடுத்தார் என்று குருவானவருக்கு ஒரு வரி எழுதினால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தே. மல்லிகா


சிரம்பான்
15 ஜனவரி 1958

பிள்ளை மல்லிகாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு எழுதும்போது கேள்வி கேட்கும் தோரணை ஆகாது என்பதை முதலில் அறியத்தருகிறேன்.

தேவசகாயம் நேர்மையான மனிதர். இருபது வருடம் மணியை ஒரு நிமிடம் பிந்தாமல் அடித்தவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயினும் வரலாறு என்பது ஆவணங்களை வைத்து எழுதுவது. கூட்டக் குறிப்புகள், பதிவேடுகள், பழைய குருமாரின் கடிதங்கள் ஆகியவற்றை எட்டு மாதம் வாசித்துத்தான் அந்த நூலை எழுதினேன். 1942 பெப்ரவரிக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பதிவேட்டில் ஓர் எழுத்தும் இல்லை. வெள்ளைக்காரக் குருவானவரைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதிவேட்டையும் வெள்ளிப் பாத்திரங்களையும் இரும்புப் பெட்டியில் பூட்டி ஒப்படைத்தவன் நான். குருவும் இல்லை, பதிவேடும் இல்லை. சடங்கு எப்படி நடக்கும்?

ஜப்பானியர் கிடங்காக்கி மூன்றாம் தூண் வரைக்கும் உப்பு மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் யார் போய் ஞானஸ்நானம் கொடுத்திருக்க முடியும் என்று நீரே யோசித்துப் பாரும். பென்சில் எழுத்து மூட்டைக் கணக்காகவும் இருக்கலாம். தகப்பன்மேல் உள்ள பாசத்தில் பிள்ளைகள் பலதையும் கற்பித்துக்கொள்வது உண்டு.

குருவானவர் செய்வது முறையானதே. 'பெறாதிருந்தால்' என்ற சொல் அந்த ஜெபத்தில் இருப்பதே உம்மைப் போன்றவர்களுக்காகத்தான். முன்பு பெற்றிருந்தால் அதற்கு ஒரு குறையும் வராது. பெறாவிட்டால் இப்போது பெறுகிறீர். இதில் அவமானம் எங்கே இருக்கிறது? கீழ்ப்படிந்து நடவும். தாயாருக்கு என் தோத்திரம்.

ச. பொன்னுதுரை


காஜா பெராங், மலாக்கா
20 ஜனவரி 1958

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூட்டைக் கணக்கு என்ற இடத்தில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எவரும் உள்ளே செல்லவில்லை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். உப்பு மூட்டை மூன்றாம் தூண் வரைக்கும் இருந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போகாதவருக்கு மூன்றாம் தூண் எப்படித் தெரியும்?

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் வந்தால் பலிபீடத்திலிருந்து மூன்றாம் தூண் வரைக்கும் தரைச் செங்கல்லில் உப்புப் பூக்கும். துடைத்தால் மறுநாள் மறுபடியும் பூக்கும். பதினைந்து வருஷமாக அப்பாவும் அம்மாவும் நானும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஆவணங்களில் அது இருக்காது. தொட்டி இருப்பது தூணுக்கு இந்தப் பக்கம், மேற்குக் கதவுக்கு அருகில். அங்கே துளி உப்புகூட பூப்பதில்லை. மூட்டை அங்கே வரவேயில்லை.

நடந்ததை அம்மா சொன்னாள். எலி வராமல் பார்த்துக்கொள்ள ஜப்பான்காரன் மேற்குக் கதவின் சாவியை அப்பாவிடமே விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டப்போகும்போது ஒரு குடும்பம் கூடவே உள்ளே போகும். கிணற்றுத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு அப்பா கொடுப்பார். ஜெபத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ் ஆராதனையில் பக்கத்து வாசலில் விளக்குமாற்றோடு நின்று இருபது வருஷம் கேட்ட ஜெபம் அது. தண்ணீரும் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால், அவசரத்துக்கு யார் கொடுத்தாலும் செல்லும் என்று இதே குருவானவர்தான் போன மாதம் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். ஆகையால் அப்பா கொடுத்தது குற்றமில்லை. கொடுத்தார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.

"ஜப்பான்காரன் போன மாசமே ஒங்கப்பா எல்லாப் பேரையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போனாரு. வெள்ளச் சட்டையத் தொவச்சிப் போட்டுக்கிட்டு. ஐயா வீட்டுப் பின்வாசல்ல நிக்கச் சொன்னாங்களாம். நான் பாத்துக்கிறேன், குருவானவர் வந்ததும் ஏத்திர்றேன்னு பொன்னுதுரை ஐயா கையில வாங்குனாராம். திரும்பி வந்து அன்னைக்கி ரெண்டு தட்டு சோறு சாப்டாரு, அவ்வளவு சந்தோசம்."

அந்தத் தாள் எங்கே, ஐயா?

போன வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ராஜரத்தினம் ஐயாவிடம் வாயைத் திறந்தேன். நூறாண்டு விழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். உங்கள் மனைவியின் அண்ணன் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்பா ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"உன்ர அப்பா எந்தக் கொலிஜில குருப்பட்டம் எடுத்தவர், பிள்ளை? விளக்குமாத்துக் கொலிஜிலயோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாலனும் சிரித்தான். அவன் பெயர் மூடியில் ஐந்தாவது வரி.

போன வருஷம் மெர்டேக்கா, சுதந்திரம் வந்த அன்று காலையில் நம் ஆலய மணியை அடித்தது என் அம்மா. வீங்கிய காலோடு கயிற்றில் தொங்கி அடித்தாள். உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'மணி ஒலித்தது' என்று இருக்கிறது. தானாகவா ஒலித்தது? நாடே எல்லாருக்கும் பொது என்று பேசுகிறார்கள். கூட்டுகிறவன் பெயரைப் போட ஒரு வரி இடம் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. விழாவுக்காக மூடியை இருபக்கமும் இழைத்து வார்னிஷ் பூசப்போகிறார்களாம். பிப்ரவரி நாலாம் தேதி தச்சரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத்தான். இழைத்துவிட்டால் பதினேழு பேரும் சுருள் சுருளாகத் தரையில் கிடப்பார்கள். அதைக் கூட்டுவதும் என் வேலைதான்.

மல்லிகா


சிரம்பான்
27 ஜனவரி 1958

மல்லிகாவுக்கு,

இத்தனை கடுமையை உம்மிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆலயத்துக்குள் ஒருமுறை சென்றது உண்மைதான். செயலாளர் என்ற முறையில் கட்டடத்தின் நிலையைப் பார்க்கச் சென்றேன். அதை ஒரு பொருட்டாக நினைத்து நூலில் எழுதவில்லை.

உமது தகப்பனார் வந்ததும் உண்மை. அவர் கொண்டுவந்தது சுருட்டுப் பெட்டியைக் கிழித்த அட்டை. சாட்சிகளின் கையொப்பம் இல்லை, ஞானத் தகப்பன் ஞானத் தாய் பெயர் இல்லை. முகாமிலிருந்து வெள்ளைக்காரக் குருவானவர் எலும்பும் தோலுமாக வந்திறங்கினார். தடியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவரிடம் போய் உமது கோயில் கூட்டுகிறவர் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? காலம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அட்டை எங்கோ போய்விட்டது. பிறகு எனக்கும் சிரம்பானுக்கு மாற்றல் வந்தது.

சில விடயங்களைக் கிளறுவதால் யாருக்கும் நன்மை இல்லை. மூடியை இழைக்கக் கமிட்டி தீர்மானித்தால் இழைக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். முந்தாநாள் தபாற்காரர் உமது கடிதத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டார். மலாக்காவிலிருந்து யார் எழுதுவது என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். அவளுக்கு இருதய நோய்.

பொன்னுதுரை


காஜா பெராங், மலாக்கா
5 பிப்ரவரி 1958

ஐயா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. உறையின்மேல் உங்கள் பெயரை மட்டும் போட்டு, நேரில் கொடுக்கவும் என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று மூடியைத் தலையில் சுமந்து தச்சர் ஆ செங் கடைக்குக் கொண்டுபோனேன். இங்கே காஜா பெராங் சாலையில்தான் கடை. கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கோயில் வரைக்கும் வந்தவளுக்குக் கால் அதற்குமேல் நகரவில்லை. மறுபடி போனேன்.

அதற்குள் அவர் மூன்றாவது சட்டத்தைப் பெயர்த்துக் கீழே வைத்திருந்தார். துருப்பிடித்த ஆணி இழைப்புளியின் பல்லை உடைத்துவிடுமாம். சட்டம் இருந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. மற்ற வரிகள் ஈரத்தில் மங்கிவிட்டன. இது மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

'1943 ஆகஸ்டு 8. கமலவேணி. பொன்னுதுரை ஐயா மகள். தாய் அன்னம்மா. பிறந்து மூன்று நாள்.'

அம்மாவிடம் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். அப்புறம் சொன்னாள். மழையில் துண்டுக்குள் சுற்றி நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பிள்ளை நீலம் பாரித்திருந்தது. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு உங்களோடு ஓடினார். சாயங்காலத்துக்குள் பிள்ளை இறந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீங்கள் கேட்டீர்கள். அப்பா சொல்லவில்லை. ஆனால் கொடுத்த ஞானஸ்நானத்தை எழுதாமல் விடவும் அவருக்கு மனசு வரவில்லை. எழுதி, மேலே ஒரு சட்டம் அறைந்துவிட்டார். உங்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார், உங்கள் பிள்ளையையும் காப்பாற்றினார்.

அப்படிப்பட்ட மனுஷனைப் பின்வாசலில் நிற்க வைத்தீர்கள்.

எவரும் உள்ளே செல்லவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியை எழுதும்போது உங்கள் கை எப்படி நின்று நிதானமாக எழுதியது? அப்பாவை மட்டுமா இல்லை என்று எழுதினீர்கள்? கமலவேணியையும்தான்.

அப்பா கொடுத்தது செல்லாது என்றால் யாருக்கும் செல்லாது. ஜெயபாலனுக்கும் விஜயாவுக்கும் எனக்கும் குருவானவர் மறுபடி கொடுப்பார். 'பெறாதிருந்தால்' என்று எங்கள் தலையில் தண்ணீர் ஊற்றுவார். கமலவேணியை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? அவளுக்கு அந்த ஒரு சிரட்டைத் தண்ணீர்தான், ஐயா.

இதை எழுதிவிட்டு மறுபடி வாசித்தேன். கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டாம். ஆ செங்கிடம் பேசினேன். நான் வெளி ஆளிடம் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. "தவுக்கே, பாவா ஜாங்கான் கெதாம்" என்றேன், மூடியின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி; முதலாளி, அடியை இழைக்காதீர்கள் என்று. எழுத்தை அவர் உற்றுப் பார்த்தார். உன் சாமி எழுத்தா என்று மலாயில் கேட்டார். என் அப்பா எழுத்து என்றேன். சீனப் பெருநாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், எனக்கும் வேலை மிச்சம் என்று சிரித்தார். மேல்பக்கத்தை மட்டும் இழைப்பார். மூன்றாவது சட்டத்தைப் பழைய துளைகளிலேயே வைத்துப் புது ஆணி அடித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வரியை நானும் அம்மாவும் தவிர இங்கே யாரும் படிக்கவில்லை. ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது.

அப்பா மூடியதை நான் திறக்க மாட்டேன். திறக்க வேண்டியவர் நீங்கள்.

மல்லிகா


சிரம்பான்
11 பெப்ரவரி 1958

அன்புள்ள பிள்ளை,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்று நாள் என்று அவர் எழுதியிருப்பது சரி. அன்று காலை எட்டு மணிக்கு, அவள் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி சொன்னாள். குருவானவர் இல்லை. மைத்துனர் ராஜரத்தினம் தங்கையைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படாமல் பிள்ளையை எடுத்துக்கொண்டு நடந்தேன். உமது வீட்டில் அதற்கு முன் நான் கால் வைத்ததில்லை. உமது தகப்பனார் தொட்ட குப்பைக் கூடையை என் வீட்டு வாசற்படியில் வைக்கக்கூட விட்டதில்லை. அந்த மனிதரின் கையில் பிள்ளையைக் கொடுத்தேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குருவானவர் கொடுத்தார் என்று அன்னம்மாவுக்குச் சொன்னேன். இன்றுவரை அவள் அந்தக் குருவானவருக்காக ஜெபிக்கிறாள். பெயர் தெரியாத குருவானவர் என்று சொல்லி ஜெபிக்கிறாள்.

யுத்தம் முடிந்து அட்டையைக் கொண்டுவந்தபோது அதில் கமலவேணியின் பெயரைத் தேடினேன். இல்லை. அவர் வேண்டுமென்றே விட்டிருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த வரிகளைப் பதிவேட்டில் ஏற்றினால், யார் கொடுத்தது, எப்போது, இன்னும் யாருக்கு என்று கேள்வி வரும். அட்டை தொலைந்தது என்று உமக்கு எழுதினேன். தொலையவில்லை. நான்தான் அடுப்பில் வைத்தேன்.

நூலை எழுதும்போது கை நிதானமாக எழுதியதா என்று கேட்டிருந்தீர். பன்னிரண்டு வருடம் மனதில் எழுதிப் பழகிய வரி அது. அதனால் நிதானமாகத்தான் எழுதியது.

இத்துடன் குருவானவர் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பதினேழு பேருக்கு உமது தகப்பனார் கொடுத்ததைச் சாட்சி சொல்லியிருக்கிறேன். மற்றதில் பதினெட்டுப் பேர். இரண்டிலும் கையொப்பம் இருக்கிறது. எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உமக்குச் சரி என்று தோன்றுவதைக் கொடும்.

பொன்னுதுரை


காஜா பெராங், மலாக்கா
22 பிப்ரவரி 1958, சனிக்கிழமை

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆயிற்று. இரண்டு கடிதங்களையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எட்டு நாளும் யோசித்தேன். இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பதினேழு பேர் கடிதத்தைக் கொடுத்தால் என் காரியம் நடந்துவிடும். அம்மாவும் அதைத்தான் கொடுக்கச் சொன்னாள். ஆனால் அதைக் கொடுத்தால் கமலவேணியின்மேல் நானும் ஓர் ஆணி அடித்தவள் ஆவேன். அப்பா அடித்தது நீங்கள் கேட்டதற்காக. நான் என் வசதிக்காக அடிக்க மாட்டேன். பதினெட்டுப் பேர் கடிதத்தைக் கொடுத்தால் ஒரு தாய் தன் பிள்ளையின் கதையை ராஜரத்தினம் ஐயா வாயால் கேட்க வேண்டிவரும். அதையும் நான் செய்ய மாட்டேன்.

கோபப்படுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான். 1943இல் பிள்ளையை எங்கள் கையில் கொடுத்தீர்கள். இப்போது இதையும் எங்கள் கையிலேயே கொடுக்கிறீர்கள். தூக்க வேண்டியதையெல்லாம் கூட்டுகிறவர்கள்தான் தூக்க வேண்டுமா? தபால் பெட்டி சிரம்பானிலும் இருக்கிறது. பிஷப் நாளை பத்து மணிக்கு வருகிறார். சிரம்பானிலிருந்து காலை பஸ் எட்டரைக்கெல்லாம் மலாக்கா வந்துவிடும் என்று விசாரித்தேன். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நாளை முடிந்து போயிருக்கும். அதனால் நீங்கள் வர வேண்டும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்னம்மா அம்மாவுக்கு என் தோத்திரத்தைச் சொல்லுங்கள். யாருடைய மகள் என்றும் சொல்லுங்கள், முடிந்தால்.

இன்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு எல்லாரும் தொட்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். ராஜரத்தினம் ஐயா புது வார்னிஷைத் தடவிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கு என்று மெச்சிக்கொண்டார். ஜெயபாலனும் விஜயாவும் வெள்ளை உடுப்பில் முன் பெஞ்சில் இருந்தார்கள். என்னையும் அங்கே உட்காரச் சொன்னார்கள். நானும் வெள்ளைப் பாவாடைதான் கட்டியிருந்தேன். அம்மா இரண்டு தரம் கஞ்சி போட்டுத் துவைத்தது.

ஞானஸ்நானத்தின்போது மூடியைத் தூக்குவது எங்கள் வேலை. முன்பு அப்பா செய்தார், பிறகு அம்மா, இப்போது நான். இன்று தலையில் தண்ணீர் வாங்கப் போகிறவளும் நான்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. குருவானவர் புத்தகத்தை விரித்துக்கொண்டு வழக்கம்போல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்து போனேன். சுவர் ஓரமாக அம்மா நின்றிருந்தாள். வேண்டாம் என்று அவள் கண்ணால் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். சரியாகப் பார்க்கவில்லை.

மூடியைத் தூக்கினேன். தூக்கியதும் பக்கத்து முக்காலியில் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைப்பதுதான் வழக்கம். நூறு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் திருப்பி, பெயர்கள் மேலே தெரியும்படி குருவானவருக்கு முன்னால் வைத்தேன். மூன்றாவது சட்டம் அப்படியே இருந்தது.

"பிள்ளை, தலைகீழா வச்சிட்டாய்" என்றார் ராஜரத்தினம் ஐயா.

நான் திருப்பி வைக்கவில்லை. மறுபடி ஞானஸ்நானம் வாங்க முன் பெஞ்சுக்கும் போகவில்லை. பக்கத்து வாசலுக்குப் போய், அப்பா நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன்.

தே. மார்த்தாள் மல்லிகா